தனுஷ்கோடியில் ஒரு கிளாமர் ஷூட்: 9,000 ரூபாய் தகுமா?

ராமநாதபுரத்தில் 11 வருடமாக மணப்பெண் மேக்கப் போடுகிறேன். என் வேலையைக் காட்டும் படங்களுக்காகப் போன ஜனவரியில் உள்ளூர்ப் புகைப்படக்காரர் ஒருவரை 9,000 ரூபாய்க்குப் பேசினேன். மாடல் என் சித்தி மகள். நல்ல கறுப்பு, களையான முகம். "கிளாமர்னா துணியக் குறைக்கிறதாடி?" என்று சித்தி பயந்தார். புகைப்படக்காரத் தம்பி தன் பழைய படங்களைக் காட்டிய பிறகுதான் சித்தி சரி என்றார். குடையோடு கூடவே வந்துவிட்டார்.

இதற்கு முன்பு வேறோர் இடத்தில் எடுத்தபோது, ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவள் நிறத்துக்கே கலந்து போட்ட ஃபவுண்டேஷனை எடிட்டிங்கில் வெளுத்து, முகத்தை மெழுகு பொம்மையாக்கிவிட்டார்கள். "இதுதான் அக்கா ஓடும்" என்றார்கள். அழுகையே வந்துவிட்டது.

இந்தத் தம்பி அப்படியில்லை. 1964 புயலில் இடிந்த தேவாலயத்தின் முன்னால்தான் எல்லோரும் நிற்பார்கள். அங்கே வண்டியையே நிறுத்தவில்லை. முதலில் அலையில்லாத பெண்கடல் (வங்கக் கடலை இங்கே அப்படித்தான் சொல்வோம்) பக்கம், எனக்கு வேண்டிய படங்கள்: நேர்ப் பார்வை, சிரிப்பு, நகை தெளிவாக. அப்புறம் ரோட்டைத் தாண்டி ஆண்கடல், அதாவது மன்னார் வளைகுடா, பக்கம் போய், "இப்ப எனக்காகக் கொஞ்சம், அக்கா" என்றார். ஃபிளாஷ் இல்லை, ரிஃப்ளெக்டரும் இல்லை. வெள்ளை மணலில் பட்ட காலை வெயிலே கீழிருந்து எழும்பி, கண்ணுக்கடியில் நிழல் விழாமல் பார்த்துக்கொண்டது. வெயில் ஏறியதும் கேமராவை மூடிவிட்டார்.

அதில் ஒரு படம். காற்றில் பறந்த முடி இரண்டு இழை லிப் கிளாஸில் ஒட்டியிருக்கிறது. கன்னத்து மேட்டில் வானத்தின் நீலம் லேசாக ஏறியிருக்கிறது. மூக்குத்திப் பக்கத்தில் தோலின் நுண்துளைகள்கூடத் தெரிகின்றன. எதையும் அழிக்கவில்லை. அவளை நான் நேரில் பார்ப்பது இப்படித்தான்.

குறையும் உண்டு. அவர் பாணியில் கொடுத்த ஆறு படங்களில் மூன்றில் முகம் திரும்பியிருக்கிறது. 40 நிமிடம் போட்ட கண் மேக்கப் இருட்டில் போய்விட்டது. படமாக அழகுதான், மேக்கப் போடுகிறவளுக்கு உதவாது. இதை முன்கூட்டியே நான் சொல்லியிருக்க வேண்டும், அவரும் கேட்டிருக்க வேண்டும். கைக்கு வர 23 நாள் ஆனது, அது அதிகம்.

சிரித்த படங்களைப் பார்த்து நாலு பேர் தேதி கேட்டார்கள். காற்றுப் படத்தைப் பார்த்து ஒரே ஒரு பெண், பாம்பனிலிருந்து கூப்பிட்டாள்: "அக்கா, என் கலரை மாத்தாமப் போடுவீங்களா?" அந்தப் படத்தைத்தான் இப்போது பார்லர் வாசலில் பெரிதாக மாட்டியிருக்கிறேன்.

அடுத்த ஷூட்டுக்கும் இவரையே பேசிவிட்டேன், அரியமான் கடற்கரைச் சவுக்குத் தோப்பில். இந்த முறை கண் தெரிய வேண்டிய படங்கள் எத்தனை என்று முதலிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.