துவக்குத் திருத்தக் கொடுக்கிறவர்கள் கவனம்: எங்கட குழலை மாற்றிவிட்டார்கள்

அம்பாறைப் பக்கம் எங்கேயாவது ஒரு பட்டறையில் அண்மையில் துவக்குத் திருத்தக் கொடுத்து வாங்கியவர்கள் இதைப் படித்தால், மிச்சத்தை வாசிக்க முன்னம் எழும்பிப் போய் உங்கட துவக்கைக் கழற்றி இலக்கத்தைப் பாருங்கள். குழலின் அடியில் ஒன்று இருக்கும், விசைப் பெட்டியில் ஒன்று, எங்கட துவக்கில் முன்கட்டைக்குள் இருக்கிற இரும்பிலும் ஒன்று. எல்லாம் ஒன்றா, லைசன்ஸ் புத்தகத்தில் எழுதியிருப்பதும் அதுதானா? நாங்கள் பார்க்கவில்லை. எங்களுக்காகப் பொலிஸ்காரர் பார்த்தார்.

எங்கட வட்டை (வயல்) மட்டக்களப்பில் உன்னிச்சைப் பக்கம். மாரி வேளாண்மை குடலைப் பருவத்துக்கு வந்தால் அப்பா வீட்டில் படுக்க மாட்டார், வயலில் காவலுக்குப் போட்ட குடிசை, அந்த வாடியில்தான். ஒரு பக்கம் யானை, மறுபக்கம் பன்றி. யானையைச் சுட ஏலாது, சட்டமும் விடாது, அப்பாவின் மனமும் விடாது. அதற்கு யானை வெடியும் டோர்ச் லைட்டும் தகரமும்தான். பன்றிக்குத்தான் துவக்கு. 2025 மார்ச் 15ஆம் தேதி காலை 8 மணி தொடக்கம் ஐந்து நிமிடத்துக்கு நாடு முழுக்கக் குரங்கும் மயிலும் எண்ணினார்களே, அன்றைக்கு அப்பா வரம்பில் நின்றுகொண்டு, "பண்டியை ராவையில வந்து எண்ணச் சொல்லு மனே, நான் காட்டுறன்" என்றார்.

துவக்கு பைக்கால், ருசியாக்காரன் செய்த ஒற்றைக் குழல், 12 போர். பயிர்ப் பாதுகாப்புக்கென்று கச்சேரியால் (மாவட்டச் செயலகத்தால்) அனுமதி எடுத்து வைத்திருந்தது. அப்பப்பாவிடமும் ஒரு துவக்கு இருந்ததாம். எண்பதுகளில் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் துவக்கு வைத்திருந்த வீடுகளுக்கு என்ன நடந்ததோ அதுதான் அதற்கும் நடந்தது. ஒருநாள் இரவு இயக்கப் பொடியன்கள் வந்து கேட்டார்கள், கொடுத்தாயிற்று. அதனால் இந்தத் துவக்கின்மேல் அப்பாவுக்கு ஒரு தனிப் பிடிப்பு. 2024 நவம்பரில் தற்காப்புக்குக் கொடுத்த துவக்குகளையெல்லாம் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லிப் பாதுகாப்பு அமைச்சு அறிவித்தபோது மனுசன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அது ஆளைக் காப்பாற்றக் கொடுத்த துவக்குக்கு, பயிரைக் காப்பாற்றக் கொடுத்ததற்கு இல்லை என்று அறிவித்தலை வாசித்துக் காட்டின பிறகுதான் தேத்தண்ணி குடித்தார்.

எனக்கும் இந்தப் பைத்தியம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. சுடுகிற ஆசை இல்லை. அந்த இரும்பு எப்படி வேலை செய்கிறது என்கிற ஆசை. இரவில் போனில் துவக்குக் கழற்றிப் பூட்டுகிற வீடியோ பார்ப்பேன். 12 போர் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்துகிற ஈயக் குண்டு 12 சேர்ந்தால் ஓர் இறாத்தல், அதுதான் கணக்கு, விட்டம் 18.5 மில்லிமீட்டர் என்று கேட்காததையும் சேர்த்துச் சொல்லுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தியில் தேத்தண்ணிக் கடையில் அப்பாவின் கூட்டாளிமார் மூன்று நாலு பேர் கூடுவார்கள், எல்லாரும் லைசன்ஸ்காரர். குழலுக்குத் தேங்காயெண்ணெய் பூசலாமா, தையல் மெசின் எண்ணெய் பூசலாமா என்று அவர்கள் வருசக்கணக்காகச் சண்டை பிடிக்கிறார்கள். தேங்காயெண்ணெய் நாள்பட்டால் பிசினாகிவிடும் என்று நான் சொல்லப்போய், "நீ எத்தினை பண்டி வெடி வெச்ச?" என்று கேட்டு இருத்திவிட்டார்கள்.

இந்தப் பைத்தியத்தால்தான் ஏமாந்தேன்.

போன மாரியில் ஒருநாள் இரவு அப்பா விசையை இழுத்தார். டிக். வெடிக்கவில்லை. அவர் பழகின ஆள், உடனே மடக்கித் திறக்கவில்லை. சில தோட்டா பிந்தி வெடிக்கும், திறக்கிற நேரம் முகத்தில் போட்டுவிடும். குழலை நிலத்துப் பக்கம் காட்டி அரை நிமிடம் நின்றார். பிறகு எடுத்துப் பார்த்தால் தோட்டாவின் அடியில், ஊசி குத்த வேண்டிய இடத்தில், எறும்பு கடித்த மாதிரி ஒரு சின்ன அடையாளம். அடுத்ததும் அப்படியே. ஊசி தேய்ந்துவிட்டது, இல்லாவிட்டால் சுருள் தளர்ந்துவிட்டது. ஆயிரம் இரண்டாயிரத்தில் முடிய வேண்டிய வேலை.

துவக்குத் திருத்துகிறவருக்கும் தனியாக ஓர் அனுமதிப்பத்திரம் வேணும். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலச் சட்டத்திலேயே இருக்கிற சங்கதி இது. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்கவில்லை. தெரிந்தவர் ஒருவர், "அங்க ஒராள் இருக்கார், கைவேலை அந்த மாதிரி" என்று இலக்கம் தந்தார். நானும் அப்பாவும் வான் பிடித்து, களுவாஞ்சிக்குடி, கல்முனை தாண்டி, காரைதீவுச் சந்தியால் அம்பாறைப் பக்கம் திரும்பிப் போனோம்.

ஆள் ஐம்பது வயது மட்டில். கதை தேன். துவக்கை மடித்து வானத்துக்குப் பிடித்துக் குழலுக்குள் பார்த்தார். "ஐயா நல்லா வெச்சிருக்கீங்க, கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, இது ஃபுல் சோக் தெரியுமா?" என்றார். குழலின் வாய்ப் பக்கம் ஒரு மில்லிமீட்டர் அளவு ஒடுங்கியிருக்கும், அதனால் சன்னம் (தோட்டாவுக்குள் இருக்கிற சின்னக் குண்டுகள்) சிதறாமல் தூரத்துக்குச் சேர்ந்து போகும். இது எனக்குத் தெரிந்த பாடம். விடுவேனா? பழைய இங்கிலாந்துத் துவக்குகளின் இரண்டரை அங்குல அறைக்குள் இந்தக் காலத்து 70 மில்லிமீட்டர் தோட்டா போட்டால் என்ன நடக்கும், முறுக்குக் கம்பிக் குழலுக்கு ஏன் புகையில்லா வெடிமருந்து ஆகாது, எல்லாம் இரண்டு பேரும் கதைத்தோம். "தம்பிக்கு விசயம் தெரியுது. இப்பத்தைப் பொடியன்மாருக்கு ஒண்டும் தெரியாது." இந்த ஒரு வசனத்துக்கு நான் கொடுத்த விலை இன்னும் முடியவில்லை. அவர் குழலை இவ்வளவு நேரம் பார்த்தது எதற்கு என்று இப்போது விளங்குகிறது. பழுது ஊசியில். குழலை அளந்து பார்க்க என்ன தேவை?

18,000 ரூபாய் என்றார். துண்டு (பற்றுச்சீட்டு) கேட்டேன். "துண்டா? நம்மட ஆக்களுக்குள்ள என்ன துண்டு" என்று சிரித்தார். இவ்வளவு கதைத்த பிறகு துண்டுக்கு நிற்பது மரியாதை இல்லை என்று எனக்கே பட்டது. லைசன்ஸ் புத்தகத்தையும் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். அப்பா அதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. நல்லவேளை.

ஒரு கிழமை என்றது மூன்று கிழமையாயிற்று. போன் எடுத்தால் சுருள் கொழும்பிலிருந்து வரவேணும், மறுகா எடுங்க தம்பி. அந்த மூன்று கிழமையும் அப்பா வாடியில் வெறுங்கையோடு. பன்றி கால் ஏக்கர் அளவு உழுதுவிட்டது. கடைசியில் வரச் சொன்ன நாளில் அப்பாவுக்குக் காய்ச்சல். நான் தனியாகப் போனேன். லைசன்ஸ் என் பெயரில் இல்லை. அந்தத் துவக்கை நான் தனியே கொண்டுவந்தது எங்கட பிழை, வழியில் மறித்திருந்தால் நான்தான் உள்ளே போயிருக்க வேணும். பிறகு பொலிசில் வாக்குமூலம் கொடுக்கும்போது இதையும் சொல்லித்தான் ஆகவேண்டி வந்தது.

காசு 27,500 ஆகிவிட்டிருந்தது. குழலுக்கும் புதுக் கறுப்பு ஏற்றிக் கொடுத்திருக்கிறாராம். "ஐயாட நல்ல மனசுக்கு நான் செய்தது தம்பி." உண்மையிலேயே பளபளவென்று இருந்தது. நான் சந்தோசமாகக் கொண்டுவந்தேன்.

அப்பா பாயில் எழும்பி இருந்து துவக்கை வாங்கினார். சோங்குக் கட்டையைத் தோளில் வைத்தார், இறக்கினார், மறுபடியும் வைத்தார்.

"இது என்ட துவக்கு இல்ல மனே."

நான் சிரித்தேன். காய்ச்சல் என்று நினைத்தேன். புதுக் கறுப்பு ஏற்றினால் அப்படித்தான் தெரியும் என்று அவருக்கே விளக்கம் சொன்னேன். பன்னிரண்டு வருசம் கையில் வைத்திருந்த மனுசனுக்கு, வீடியோ பார்த்த நான். அவர் ஒன்றும் பேசவில்லை. துவக்கை மடித்துப் பூட்டி, காதுக்குக் கிட்டப் பிடித்து ஆட்டினார். மடிகிற இடத்தில் ஒள்ளுப்பம் ஆட்டம் இருந்தது. பூட்டினால் 'டக்' என்று ஒரு சத்தம்தான் வரவேணும், 'டடக்' என்று வந்தது. வேறு பெட்டிக்குப் பொருத்தின குழல் இந்தப் பெட்டியில் அச்சாக உட்காராது என்பது நான் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டிய விசயம்.

காய்ச்சல் மாறின பிறகு வட்டைக்குள் ஓர் உரப் பையைக் கட்டி, நாற்பது எட்டு வைத்து நடந்து, அங்கே நின்று ஒரு வெடி வைத்தார். தோட்டா ஒன்றும் கச்சான் வாங்குகிற மாதிரிக் கடையில் வாங்குகிற சாமான் இல்லை, வெடி ஒவ்வொன்றுக்கும் யோசிக்கிற ஆள் அவர். அன்றைக்கு யோசிக்கவில்லை. முன்னம் அந்தத் தூரத்தில் சன்னம் பாதிக்கு மேல் பையில் சேர்ந்து விழும். இப்போது கோழிக்கு நெல் எறிந்த மாதிரி, பையில் ஏழு ஓட்டை. நான் வேர்னியர் அளவுகோல் கொண்டுவந்து வாயை அளந்தேன். 18.5க்கும் கூட. ஒடுக்கமே இல்லை. யாரோ வாயை அரிந்து எடுத்த குழல், அல்லது முதலே அப்படி வந்த குழல். கறுப்பின்கீழ் ஊத்தைத் துரு தின்ற குழிகள், வெளிச்சத்துக்குப் பிடித்தால் அம்மைத் தழும்பு மாதிரித் தெரிந்தன.

அப்போதும் இலக்கத்தைப் பார்க்கவில்லை. குழலை அரத்தால் உராய்ந்து கெடுத்துவிட்டான் என்றுதான் நினைத்தோம். குழலையே மாற்றுவான் என்று மனம் போகவில்லை. போன் எடுத்தால் "நீங்க பிழையாப் புடிச்சிருப்பீங்க தம்பி" என்றார். பிறகு எடுக்கவேயில்லை.

துவக்கு லைசன்ஸ் டிசம்பர் 31ஓடு முடியும், ஒவ்வொரு வருசமும் புதுப்பிக்க வேணும். இந்தமுறை அப்பா காட்டக் கொண்டுபோனபோது அந்த உத்தியோகத்தர் புத்தகத்தைப் பார்த்தார், குழலைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பவும் பார்த்தார். பெட்டியில் இருந்த இலக்கம் சரி. குழலில் இருந்ததும் அதே இலக்கம்தான், ஆனால் எழுத்து ஒன்று மேலே ஒன்று கீழே. அதில் ஓர் எட்டு, முதலில் ஆறாக இருந்ததைத் திருத்தின மாதிரி இருந்தது. அந்த இடம் மட்டும் ஒரு நகம் அளவுக்கு அராவிப் பள்ளமாக இருந்தது. கறுப்பு ஏற்றினது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது.

இலக்கம் அராவின குழல் என்றால் அது எங்கிருந்து வந்தது, அதால் என்ன நடந்தது என்று எவருக்கும் தெரியாது. அந்தக் கேள்விக்கு அப்பா பதில் சொல்ல வேணும். எழுபத்தொரு வயது மனுசன் காலை ஒன்பதரைக்குப் போனவர் மூன்று மணி மட்டும் வாங்கில் இருந்தார். உத்தியோகத்தரைக் குறை சொல்ல மாட்டேன், மரியாதையாகத்தான் கேட்டார், அவருடைய வேலையை அவர் செய்தார். துவக்கு அவர்களிடம் இருக்கிறது, இரசாயனப் பகுப்பாய்வுக்கு அனுப்ப வேணுமாம். எங்கட பக்கத்தில் சாட்சி என்ன? துண்டு இல்லை. காசைக் கையில் கொடுத்தோம், வங்கியால் போட்டிருந்தாலாவது ஒரு கோடு இருந்திருக்கும். பட்டறைக்குப் போனால் அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நீங்க தந்ததத்தான் நான் திருத்தித் தந்த." கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

துவக்கோடு அப்பா நிற்கிற படம் எங்கட வீட்டில் இருபதுக்கு மேல் இருக்கிறது. சூடடித்த களத்தில், வாடியில், பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டுகூட ஒன்று. ஒன்றில்கூட இலக்கம் தெரியவில்லை. வீடியோ வீடியோவாகப் பார்த்த எனக்கு, குழலைக் கழற்றி அடியை ஒரு படம் எடுத்து வைக்கத் தோன்றவில்லை. எல்லாரும் இன்றைக்கே எடுங்கள், முகம் வேண்டாம், இலக்கம்தான். இலக்கம் பொருந்தாவிட்டால் அடுத்த டிசம்பர் மட்டும் பொத்தி வைக்காமல் நீங்களே முந்திப் போய்ச் சொல்லுங்கள். தானாக வந்து சொன்னவரை வேறு கண்ணால்தான் பார்ப்பார்கள் என்று அந்த உத்தியோகத்தரே சொன்னார்.

எங்கட குழல் எங்கேயோ ஒரு துவக்கில் பூட்டி இருக்கும். நல்ல ஒடுக்கமுள்ள சுத்தமான குழலுக்குக் கள்ள வேட்டைக்காரரிடம் நல்ல விலை இருக்கிறதாகச் சொல்கிறார்கள். அடையாளம் சொல்கிறேன்: வாயிலிருந்து ஒரு சாண் கீழே, இடது பக்கத்தில், நெல்மணி அளவில் ஒரு நெளிவு. கிணற்றுக் கட்டில் அடிபட்டது. முன்குறி பித்தளை மணி, கழன்று விழுந்ததற்குப் பிறகு அப்பா வளையல் துண்டொன்றை வைத்து ஒட்டினது, மற்றக் குழல்களில் இருப்பதைவிட மஞ்சள் கூட. யாரும் விற்க வந்தால் வாங்காதீர்கள், கிட்டடிப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

அப்பா இப்போதும் வாடியில்தான். இரவு எடுத்தேன், தகரம் தட்டுகிற சத்தத்துக்குள் கதைத்தார். பன்றி கிழக்கு மூலையால் இறங்கிவிட்டதாம்.