எச்சரிக்கை: சான்றிதழ் வேறு கருவிக்கு, கருவி எனக்கு

ஒரே வாரத்தில் மூன்று பேர் கார்ச் சாவியின் பேட்டரியை மாற்றியிருக்கிறார்கள். நான்காமவர் சர்வீஸ் சென்டர் வரைக்கும் போய், சாவியில் ஒரு குறையும் இல்லை என்ற பதிலோடு திரும்பியிருக்கிறார். வளாகத்தின் மேற்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினால் பொத்தானை அழுத்தி அழுத்திக் கை வலித்தாலும் கதவு திறப்பதில்லை. அதே வண்டியைத் தெருவில் நிறுத்தினால் முதல் அழுத்தத்திலேயே திறந்துகொள்கிறது. காவலாளிதான் முடிச்சை அவிழ்த்தார். "மொட்டை மாடியில் நீங்கள் அந்தக் கம்பியை நட்டதிலிருந்துதான் ஐயா இப்படி" என்றார். எனக்கு முதலில் கோபம் வந்தது. ஒரு மணி நேரம் கழித்து, மாடிக்குப் போய் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கீழே வந்து பார்த்தபோது, வெட்கம் வந்தது. அத்தனை கதவுகளும் திறந்தன.

நான் நட்ட கம்பி ஓர் ஆன்டெனா. மாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை முந்நூறு மீட்டர் தள்ளியிருக்கும் மோட்டார் அறைக்குச் சொல்வது அதன் வேலை. தரையைத் தோண்டிக் கேபிள் இழுக்க வழியில்லாததால் வயர்லெஸ் ஜோடி ஒன்றை இணையத்தில் தேடினேன். விற்பனைப் பக்கத்தில் மூன்று வரிகள் கொட்டை எழுத்தில் இருந்தன: 433 மெகாஹெர்ட்ஸ், 10 மில்லிவாட். உரிமம் தேவையில்லை. சான்றளிக்கப்பட்டது. விவரமறிந்தவன் என்ற நினைப்பில், பணம் கட்டும் முன்பே சான்றிதழ் கேட்டேன். பத்து நிமிடத்தில் பிடிஎஃப் வந்துவிட்டது. பதினான்கு பக்கம், ஆய்வுக்கூடத்தின் முத்திரை, கையொப்பம், வரைபடங்கள் எல்லாம் இருந்தன. முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்தேன். நடுவில் இருந்த பன்னிரண்டு பக்கங்களைப் படிக்காததற்குத்தான் இந்தத் தண்டனை.

கார்ச் சாவிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் என்ன சம்பந்தம் என்றால், இரண்டும் ஒரே இடத்தில் பேசுகின்றன. 433.05 முதல் 434.79 வரையிலான மெகாஹெர்ட்ஸ் துண்டு, ரேடியோ அலைகளுக்காக உலகைப் பிரித்த மூன்று மண்டலங்களில் ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் அடங்கிய முதல் மண்டலத்தில் தொழில், அறிவியல், மருத்துவப் பயன்பாடுகளுக்கு ஒதுக்கப்பட்டது. அதன் நடுப்புள்ளி 433.92. உலகின் பெரும்பகுதியில் கார்ச் சாவிகள் ஒலிப்பது அங்கேதான். அமெரிக்காவில் பெரும்பாலும் 315. சாவியின் குரல் மிக மெல்லியது. அதைக் கேட்பதற்காகக் காருக்குள் இருக்கும் அலைவாங்கி காதைத் தீட்டிக்கொண்டே காத்திருக்கும். பக்கத்தில் ஒருவன் ஒலிபெருக்கி வைத்துக் கத்தினால் அந்தக் காது அடைத்துப்போகும். இப்படி ஆகக் கூடாது என்றுதான் ஐரோப்பிய விதி இந்தத் துண்டில் 10 மில்லிவாட் என்றும், நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பேசாதே என்றும் கட்டுப்படுத்துகிறது. என் கருவி 10 மில்லிவாட் என்றுதானே சொன்னார்கள்?

அளவெடுக்கும் கருவி வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். கணினியில் செருகி ரேடியோ அலைகளைப் பார்க்க உதவும் மலிவான எஸ்டிஆர் டாங்கிள் ஒன்று என்னிடமும் உண்டு; ஆனால் இவ்வளவு அருகில் அது திணறி, இல்லாத அலைகளையெல்லாம் தானே உற்பத்தி செய்து காட்டும் என்பதால் அதை நம்பவில்லை. நண்பர் ஆன்டெனாவைக் கழற்றினார். அந்த இடத்தில் முப்பது டெசிபல் குறைக்கும் சிறு உருளை ஒன்றைத் திருகி, அதன் மறுமுனையை அலைமாலை அளவியில் பொருத்தினார். திரையில் மைனஸ் 3 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டுச் சொல்லும் டெசிபல் கணக்கு) என்று நின்றது. முப்பதைக் கூட்டினால் 27. வாட் கணக்கில் அரை வாட். சொன்னதைப் போல ஐம்பது மடங்கு! இன்னும் இருக்கிறது என்று நண்பர் திரையை வலப்பக்கம் நகர்த்தினார். 867.84 மெகாஹெர்ட்ஸில் இன்னொரு குச்சி நின்றுகொண்டிருந்தது. 433.92-இன் இரட்டிப்பு அது. வெளியேறும் வழியில் வடிகட்டி வைத்திருந்தால் அமுங்கிப்போயிருக்கும். மூடியைத் திறந்து பலகையைப் பார்த்தோம். வடிகட்டிக்குரிய மின்தேக்கிகள் உட்கார வேண்டிய இடங்கள் அச்சாகியிருந்தன, ஈயம் பூசியிருந்தது, பாகங்கள் மட்டும் இல்லை. யாரோ வடிவமைத்ததை யாரோ மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

நேரக் கணக்கு அதைவிட மோசம். உள்ளே இருந்தது லோரா வகைச் சில்லு; மெதுவாகப் பேசி வெகுதூரம் எட்டுவது அதன் முறை. தூரம் நிறையக் கிடைக்க வேண்டும் என்பதற்காக எஸ்எஃப் 12 என்ற மிக மெதுவான அமைப்பில் ஆலையிலேயே பூட்டி அனுப்பியிருந்தார்கள். வழக்கமான 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் இருபது பைட் செய்தி ஒன்று இந்த அமைப்பில் காற்றைக் கடக்க ஏறத்தாழ 1.3 வினாடி ஆகும். என் ஜோடி மூன்று வினாடிக்கு ஒருமுறை செய்தி அனுப்பி, மறுமுனையிலிருந்து அதே நீளத்தில் பதிலும் வாங்கிக்கொண்டிருந்தது. மூன்று வினாடியில் 0.4 வினாடிதான் மௌனம். தொட்டியில் தண்ணீர் அரை அங்குலம் ஏறக் கால் மணி நேரம் ஆகிறது. அதைச் சொல்வதற்கு ஒரு மணி நேரத்தில் ஆயிரத்து இருநூறு முறை வாய் திறந்திருக்கிறது. பத்து சதவீத விதிப்படி ஒரு முனைக்கு மணிக்கு 360 வினாடிதான் உரிமை, அதாவது இந்த நீளத்தில் 272 செய்திகள். ஐரோப்பாவின் 868.0 முதல் 868.6 வரையிலான துண்டில் ஒரே சதவீதம்தான். அங்கே மணிக்கு இருபத்தேழோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

அன்றிரவு பதினான்கு பக்கங்களையும் படித்தேன். மாடல் எண்ணின் கடைசி எழுத்து என் கருவியில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை. விண்ணப்பித்த நிறுவனத்தின் பெயரும் பெட்டியில் இருந்த பெயரும் வேறு வேறு. ஒன்பதாம் பக்கத்தில் பரிசோதித்த பலகையின் படம்: அதன்மீது உலோக மூடி, ஓரத்தில் பற்றவைத்த சுருள் ஆன்டெனா. என்னிடம் இருந்ததில் மூடியே கிடையாது. ஆன்டெனாவைக் கழற்றி மாட்டும் திருகு முனை இருந்தது, அதில் முழ நீளக் கம்பி. இவற்றையெல்லாம் அச்சுப்பிழை, பதிப்பு மாற்றம் என்று சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது ஒன்று இருந்தது. பரிசோதித்த ஐரோப்பியத் தரநிலை என்று ஒரே ஓர் எண்தான் போட்டிருந்தது: இஎன் 301 489. ரேடியோ கருவிகளின் மின்காந்த ஒத்திசைவைப் பார்க்கும் தரநிலை அது; ஒரு கருவி பிற கருவிகளோடு இடைஞ்சலின்றி வாழுமா என்பதற்கானது. இந்த அலைவரிசையில் அனுப்பும் ஆற்றல், துண்டுக்குள் அடங்குதல், பேசும் நேரம் ஆகியவற்றை அளப்பது இஎன் 300 220. பதினான்கு பக்கத்திலும் அந்த எண் இல்லை. அதாவது, யாருடையதோ ஒரு கருவியை, அது எவ்வளவு சத்தமாகப் பேசுகிறது என்றே அளக்காமல் எழுதிய அறிக்கையைக் காட்டி எனக்கு இதை விற்றிருக்கிறார்கள்.

விற்றவருக்கு எழுதினேன். பதில் மரியாதையாகத்தான் வந்தது. "சார், உள்ளே இருக்கும் சில்லு உலகம் முழுவதும் சான்று பெற்றது. சில்லுக்குச் சான்று இருந்தால் கருவிக்கும் இருக்கிறது என்றுதானே பொருள்?" இல்லை. சில்லு என்பது தொண்டை மாதிரி. அதே தொண்டையால் முணுமுணுக்கவும் முடியும், கத்தவும் முடியும். என் கருவியில் சில்லுக்குப் பின்னால் தனியாக ஓர் ஆற்றல் பெருக்கி இருந்தது. அதைச் சில்லு தயாரித்தவர் கண்ணால்கூடக் கண்டிருக்க மாட்டார். சில்லு, அதைச் சுற்றியுள்ள பாகங்களோடு சேர்த்துத் தயாராக வரும் சிறு பலகையான மாட்யூல், முழுக் கருவி மூன்றும் வேறு. மாட்யூலுக்கு உண்மையாகவே சான்று இருந்தாலும் அது குறிப்பிட்ட ஆன்டெனாவோடு சேர்த்து வாங்கியது. அமெரிக்க விதி அதே வகையில், அதே அளவு அல்லது அதைவிடக் குறைந்த பெருக்கம் உள்ள ஆன்டெனாவை மாற்றிக்கொள்ள விடுகிறது. பெரிதாக மாட்டினால் சான்று கழன்றுவிடும். கண்டதையும் மாட்டக் கூடாது என்பதற்காகவே அங்கே ஆன்டெனா முனை பொதுவான வகையாக இருக்கக் கூடாது என்று 15.203 என்ற விதி சொல்கிறது. வைஃபை ரூட்டர்களின் திருகு முனையில் ஊசியும் துளையும் இடம் மாறியிருப்பதன் வரலாறு இதுதான். பின்னாளில் அந்த மாறிய முனையும் எங்கும் கிடைக்க ஆரம்பித்துவிட்டது என்பது வேறு வேடிக்கை.

அடுத்த கடிதத்தில், "உரிமம் தேவையில்லாத அலைவரிசைதானே சார், எதற்குச் சான்று?" என்று கேட்டார். முந்தைய கடிதத்தில் சான்று இருக்கிறது என்று வாதாடியவர் இவர். இந்தக் குழப்பம் அவருக்கு மட்டும் உரியது இல்லை, வாங்குகிற நம்மில் பலருக்கும் உண்டு. உரிம விலக்கு ஆளுக்கு, சான்று கருவிக்கு. பயன்படுத்துகிறவர் தேர்வு எழுதவோ விண்ணப்பம் போடவோ வேண்டாம் என்று விட்டுவிட்டதனாலேயே கருவியை முன்கூட்டிச் சோதித்து அனுப்பு என்று அரசுகள் கேட்கின்றன. இடைஞ்சல் என்று வந்துவிட்டால் அமெரிக்க விதிப்படி அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி சொன்னதும் நிறுத்த வேண்டிய பொறுப்பு இயக்குகிறவனுக்கு. தயாரித்தவர் கண்காணாத தூரத்தில் இருப்பார். மாடியில் கம்பியை நட்டவன் நான்.

மூன்றாவது கடிதத்தில் மாற்றுப்பொருள் தருவதாகச் சொன்னார்: அதே கருவி, 915 மெகாஹெர்ட்ஸில். "இதுவும் உரிமம் வேண்டாத அலைவரிசைதான்." இதில் ஏமாறுகிறவர்கள் ஏராளம். 902 முதல் 928 வரை அப்படி ஒதுக்கப்பட்டது அமெரிக்கக் கண்டங்கள் அடங்கிய இரண்டாம் மண்டலத்தில். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 915 வரைக்கும் கைப்பேசிகள் கோபுரத்தோடு பேசும் இடம். அங்கே போய் அரை வாட்டில் கத்தினால் கார்க் கதவோடு போகாது. இந்தியாவில் இந்த வகை இணைப்புகளுக்கு 2005 அறிவிக்கை விலக்கு அளித்தது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸுக்கு. ஜப்பானில் 920-ஐ ஒட்டிய துண்டு. பக்கத்துப் பக்கத்து எண்களாகத் தெரிந்தாலும் எல்லை தாண்டினால் வேறு சட்டம். ஒரே சில்லு எல்லா எண்களுக்கும் திரும்பும் என்பதால் விற்கிறவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

ஐரோப்பிய விதிகளுக்கு இணங்கியது என்று காட்டும் சிஇ குறி இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது, பளபளவென்று. ஐரோப்பாவின் 2014/53 ரேடியோ கருவி ஆணைப்படி, உரிய தரநிலைகளை முழுக்கப் பின்பற்றிய தயாரிப்பாளர் வெளியார் ஒப்புதல் இல்லாமலே அந்தக் குறியைத் தாமே இடலாம். நேர்மையானவருக்கு அது வசதி. மற்றவருக்கு வெறும் ஸ்டிக்கர். ஆகவே குறியைப் பார்க்காமல், கருவியோடு வர வேண்டிய இணக்க அறிவிப்பைக் கேட்க வேண்டும். முழுதாகவோ, முழு வடிவம் கிடைக்கும் இணைய முகவரியோடு சுருக்கமாகவோ அது கட்டாயம் வர வேண்டும். அதில் மாடல் பெயரும் தரநிலை எண்களும் இருக்கும். எனக்கு வந்த பெட்டியில் இருந்தது சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றுதான்.

இரண்டாவது முறை வாங்கியபோது தூரம் எவ்வளவு என்ற கேள்வியைக் கடைசியில் வைத்தேன். கருவியில் எஃப்சிசி எண் அச்சிட்டிருந்தால், அதை அந்த ஆணையத்தின் பொதுத் தளத்தில் தட்டினால் பரிசோதனை அறிக்கையும், பெரும்பாலும் உட்புறப் படமும் இலவசமாகக் கிடைக்கும். நம் ஊர்ச் சட்டத்துக்கு அந்தச் சான்று செல்லாவிட்டாலும், பலகையின் படத்தையும் கையில் இருக்கும் பலகையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இந்தியாவில் என்றால் கருவி வகை ஒப்புதல், ஜப்பானில் என்றால் தொழில்நுட்ப இணக்கக் குறியும் எண்ணும். எதுவானாலும் விற்பவர் அனுப்பும் பிடிஎஃப்பில் பார்க்காமல், வழங்கிய இடத்தின் பதிவில் பார்த்தேன். விண்ணப்பித்தவர், மாடல், அலைவரிசை, ஆற்றல், ஆன்டெனா என்று ஒவ்வொன்றையும் விரல் வைத்து ஒப்பிட்டேன். இரண்டு விற்பனையாளர்கள் பதிலே போடவில்லை. மூன்றாமவர், தம் கருவியின் கம்பி ஆன்டெனாவுக்குச் சான்று இல்லை, பலகையோடு வரும் சிறியதற்குத்தான் உண்டு, முந்நூறு மீட்டருக்கு அது போதும் என்று தாமாகவே எழுதினார். அவரிடம் வாங்கினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பேசுகிறது. மோட்டார் அறைக்குத் தகவல் தவறாமல் போய்ச் சேருகிறது, கதவுகளும் திறக்கின்றன.

பழைய விற்பனையாளர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. நான் விமர்சனம் எழுதப்போவதாகச் சொன்ன மறுநாள், தவறுதலாகப் பழைய கோப்பு வந்துவிட்டதென்றும் இதுதான் சரியான சான்றிதழ் என்றும் இன்னொரு பிடிஎஃப் அனுப்பினார். பதினான்கு பக்கம். அதே அறிக்கை எண், அதே தேதி, ஒன்பதாம் பக்கத்தில் அதே மூடி போட்ட பலகை. மாடல் எண்ணின் கடைசி எழுத்து மட்டும் இப்போது என் கருவியோடு ஒத்துப்போகிறது. பக்கத்தில் இருக்கும் எழுத்துகளைவிட அது கொஞ்சம் தடித்து இருக்கிறது.