துளையிட்டு எடை குறைத்த ரோபோ: சில பருவங்களுக்குப் பின்

பள்ளி மாணவர்களுக்கான ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியில் ரோபோவின் எடைக்கு உச்சவரம்பு உண்டு. பல ஆண்டுகள் 125 பவுண்டாக இருந்த அது, 2025இல் 115 பவுண்டாக, அதாவது சுமார் 52 கிலோவாகக் குறைந்தது. பேட்டரியும் பம்பரும் இந்தக் கணக்கில் சேரா. எடையைக் குறைக்க, நான் துணைநிற்கும் அணி அலுமினியப் பாகங்களில் வட்டங்களும் முக்கோணங்களும் வெட்டிப் பல போட்டிப் பருவங்கள் ஓட்டிப் பார்த்துவிட்டது. எது உழைத்தது, எது உழைக்கவில்லை என்பதை எழுதுகிறேன்.

முதலில் பாக்ஸ் பைப், அதாவது செவ்வக வடிவ அலுமினியக் குழாய். இரண்டு அங்குலத்துக்கு ஓர் அங்குலம், சுவர்த் தடிமன் எட்டில் ஒரு பங்கு அங்குலம் என்றால் மீட்டருக்கு ஏறக்குறைய 1.2 கிலோ. அதில் ஓர் அங்குல விட்டத்தில் ஒரு துளை போட்டால் குறைவது 4.3 கிராம்தான். மீட்டர் நெடுகிலும் இருபக்கமும் ஊடுருவ 25 ஜோடி போட்டாலும் 220 கிராமைத் தாண்டாது. அதே அளவில் பாதித் தடிமன் சுவருள்ள பைப்பை வாங்கினாலோ, துளையே இல்லாமல் 570 கிராம் குறைகிறது. எனவே பைப்பைத் துளைக்க நேரம் செலவிடாதீர்கள் என்பேன். மெல்லிய பைப்பில் போல்ட்டை இறுக்கினால் சுவர் நசுங்கும். உள்ளே சுவர்களைத் தாங்கும் ஸ்பேசர் (இடைக்குழல்) வைக்க வேண்டும், அல்லது ரிவெட் அடிக்க வேண்டும்.

தகடுகளின் கதை வேறு. கியர்பாக்ஸிலும் ரோபோவின் கையிலும் உள்ள கால் அங்குலத் தகடுகளில் முக்கோண வெட்டுகள் அருமையாக உழைத்தன. பேரிங், போல்ட் துளைகளைச் சுற்றி அகலமான வளையம் விட்டு, அந்த வளையங்களை நேரான விலாக்களால் (வெட்டாமல் விடும் பட்டைகளால்) இணைக்க வேண்டும். அப்போது இரும்புப் பாலத்தின் சட்டகத்தைப் போலத் தகடு விசையைக் கடத்தும். அழகுக்காக வரையப்பட்ட அறுகோண வலைகளில் விலாக்கள் போல்ட்டுகளைச் சேராமல் நடுவிலேயே முடிந்துவிடுகின்றன. எனக்கு அவை பிடிக்கவில்லை.

விரிசல் கண்ட இடங்கள் எல்லாம் வெட்டின் கூர்மையான உள்மூலைகள். இழுவிசை தாங்கும் தகட்டில் வட்டத் துளையின் ஓரத்திலேயே தகைவு (ஓர் அலகுப் பரப்பில் எழும் விசை) மூன்று மடங்காகிறது. கூர்மூலையில் இன்னும் அதிகம். அலுமினியத்துக்கு எஃகைப் போலத் தெளிவான சோர்வு எல்லையும் (எத்தனை முறை விசை ஏறி இறங்கினாலும் உடையாத அளவு) இல்லை. ஒரு போட்டி முழுவதும் தாங்கிய மூலை அடுத்த பருவத்தில் வாய் பிளக்கும். மூலை வளைவின் ஆரத்தை 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வைத்த தகடுகளில் இதுவரை விரிசல் இல்லை.

எங்கே குறைக்கிறோம் என்பதும் முக்கியம். அடித்தளம் கனமாக இருந்தால் ரோபோ எளிதில் கவிழாது. அங்கே கை வைக்காதீர்கள். உயரே ஏறி இறங்கும் எலிவேட்டரிலும் கையின் நுனியிலும் குறைக்கும் ஒவ்வொரு கிராமும் அவற்றின் வேகத்தைக் கூட்டுகிறது.

வயரிங் முடிந்த பிறகு ரோபோவிலேயே டிரில் போட மட்டும் எங்கள் மாணவர்களை நான் அனுமதிப்பதில்லை. அலுமினியத் துருவல் மோட்டார் கன்ட்ரோலருக்குள் போனால் ஷார்ட் சர்க்கியூட்தான். கழற்றி வெட்டி, பிசிறை அரத்தால் நீக்கிப் பிறகு பூட்டுகிறோம்.

பந்தை அள்ளும் முன்பகுதியின் பக்கத் தகடுகளை இப்போது பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்கில் செய்கிறோம். அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.2 கிராம்தான், அலுமினியத்துக்கு 2.7. சுவரில் மோதினால் வளைந்து மீள்கிறது. அதில் எடை குறைக்க ஒரு துளைகூட வெட்டத் தேவைப்படவில்லை.