பான்சோடான்ல வாங்குன கிளாஸ்கோ போட்டோ புக்

போன வாரம் ரங்கூன் பான்சோடான் தெரு பிளாட்பாரத்துல பழைய புக் விக்கிறவர்ட்ட பேரம் பேசி 25,000 கியாட்டுக்கு எடுத்தேன், தாமஸ் அன்னன்ங்கிற அந்தக்கால போட்டோகிராபர் எடுத்த ஸ்காட்லாந்து கிளாஸ்கோ ஊரு படங்களோட மறுபதிப்பு. அட்டைய கரையான் தின்னுருக்கு, நாலு பக்கம் ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேங்குது, வீட்டுக்கு வந்து பாத்துதான் தெரிஞ்சுச்சு. சரி போகட்டும்.

1866ல சட்டம் போட்டு அந்த ஊரு ஏழைங்க இருந்த நெரிசலான சந்துகளையெல்லாம் இடிக்கிறதுன்னு முடிவாச்சு, அதுக்கு முன்னாடி ஒரு பதிவு வேணும்னு இவர பிடிச்சாங்க, 1868லேர்ந்து 1871 வரைக்கும் ஹை ஸ்ட்ரீட், சால்ட்மார்க்கெட் பக்கமெல்லாம் அலைஞ்சு எடுத்துருக்காரு. சந்துக்கு அங்க 'க்ளோஸ்'னு பேரு. நடுவுல சாக்கடை ஓடுது, மேல கம்பு நீட்டி துணி காயுது, வெயிலு எங்கயோ உச்சியில ஒரு துண்டு. நம்ம டவுன்டவுன் பின்சந்துல நின்னு அண்ணாந்து பாத்தா இதே வானந்தான்.

எனக்கு பிடிச்சது கலங்கிப்போன உருவங்கதான். அப்பல்லாம் கண்ணாடித் தகட்டுல மருந்து பூசி, ஈரம் காயுறதுக்குள்ள எடுத்து கழுவிடணும், இருட்டுச் சந்துல வெளிச்சம் ஏற நேரம் வேற ஆகும், அதனால அசையாம நின்ன பொம்பள கல்லு மாதிரி தெளிவா இருக்கா, பக்கத்துல தலைய திருப்புன பையனுக்கு ரெண்டு மூஞ்சி, துணியெல்லாம் புகை மாதிரி. எங்கம்மா கண்ணாடி போட்டுக்கிட்டு பாத்துட்டு, "காத்து இந்தப் பக்கத்துலேர்ந்து அடிச்சுருக்குடா"ன்னாங்க. எனக்கு அது தோணவே இல்ல.

குறைன்னா, அச்சு ரொம்ப கருப்பு, வாசல்ல உக்காந்துருக்க ஆளு லென்ஸ் வச்சாதான் தெரியுறாரு. படத்துக்கு கீழ சந்து நம்பர் மட்டும், ஆளு பேரு ஒண்ணுகூட இல்ல. ஆளுங்க கதை வேணும்னா லண்டன்ல ஜான் தாம்சன்ங்கிற போட்டோகிராபர் தெரு ஜனங்கள எடுத்து 1877ல வெளியிட்டது இருக்கு, ஆனா அதுல நிக்க வச்சு எடுத்த மாதிரி ஒரு விறைப்பு.

இன்னொண்ணு, பர்மாவுல ஐராவதி ஆத்துல கப்பல் விட்ட ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனி 1865ல ஆரம்பிச்சதும் இதே கிளாஸ்கோலதான். எங்க தாத்தா அந்தக் கப்பல்ல மூட்டை தூக்குனவரு, அவரு போட்டோ எங்ககிட்ட ஒண்ணும் இல்ல.

கடைக்காரர்ட்ட நல்ல அட்டையோட இன்னொரு காப்பி இருக்கு, 40,000 சொல்றாரு. வாங்குறவங்க அங்கயே ஒவ்வொரு பக்கமா பிரிச்சுப் பாத்துட்டு காசு குடுங்க.