செகண்ட் ஹேண்ட் கேமரா வாங்கப் போகிறீர்களா? 38,000 போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

குறைந்த விலையில் ஒரு கேமரா வாங்கி ஆசைக்குப் படம் எடுக்கலாம் என்று நினைக்கிறவர்கள், பணம் அனுப்புவதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். எனக்கு 38,000 ரூபாய் போய்விட்டது. முழுசாக. எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மனசு இன்னும் ஆறவில்லை.

எனக்குப் பறவைகளைப் படம் எடுக்க ஆசை. மொபைலில் எவ்வளவு ஜூம் செய்தாலும் கிளையில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தி ஒரு நீலப் புள்ளியாகத்தான் வருகிறது. புது மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத வகை) பாடியும், அதாவது லென்ஸ் இல்லாத கேமராவும், தூரத்தைக் கிட்டே காட்டும் டெலி லென்ஸும் சேர்த்து வாங்க வசதி இல்லை. மாதக்கணக்கில் படித்து, தெரிந்தவர்களிடம் விசாரித்து, நிக்கான் டி7200 என்று முடிவு செய்தேன். 2015-ல் வந்த மாடல்தான். ஆனால் 24.2 மெகாபிக்சல், 51 ஃபோகஸ் புள்ளிகள், இரண்டு மெமரி கார்டு போட இடம், அப்புறம் முக்கியமாக பாடிக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார். நிக்கானின் டி3500, டி5600 போன்ற பாடிகளில் அந்த மோட்டார் கிடையாது, தனக்கென்று மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்களை மாட்டினால் கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். டி7200-ல் அவை ஆட்டோ ஃபோகஸுடன் வேலை செய்யும். இன்றைக்கும் சொல்கிறேன், சின்ன பட்ஜெட்டில் தொடங்குகிறவருக்கு அது அருமையான கேமரா. என் கோபமெல்லாம் அதை விற்ற ஆள் மேல்தான்.

பழைய பொருள்களை வாங்கி விற்கும் ஒரு ஆன்லைன் தளம். பெயர் வேண்டாம். அதில் பழைய கேமரா மட்டுமே விற்கிற ஒரு கடை, பெயருக்குப் பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்’ என்று பச்சை டிக். டி7200 பாடி, 70-300 லென்ஸ், இரண்டு பேட்டரி, பை எல்லாம் சேர்த்து 38,000. ஆறு மாத வாரண்டி.

போன் செய்தேன். மனுஷன் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. "என்ன எடுக்கப் போறீங்க தம்பி?" என்றுதான் ஆரம்பித்தார். பறவை என்றதும் எந்த நேரத்து வெளிச்சம் நன்றாக இருக்கும், பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் (ஷட்டர் திறந்து மூடும் நேரம்) எவ்வளவு வைக்க வேண்டும், மறைவாக எங்கே உட்கார வேண்டும் என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே போனார். இதைவிட விலை கூடிய பாடி ஒன்று பட்டியலில் இருந்ததே என்று நானே கேட்டேன். "அது வேணாம் தம்பி, உங்களுக்கு இதுவே போதும். மிச்சக் காசைப் பின்னாடி நல்ல லென்ஸ்ல போடுங்க" என்றார். விற்க வந்தவர் விலை குறைந்ததை வாங்கச் சொல்கிறார், அதுவும் சரியான யோசனை. அதற்கு மேல் என்ன வேண்டும்? அந்த இடத்தில்தான் எனக்கு அவர் மேல் முழு நம்பிக்கை வந்தது. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, நம்பிக்கை இருந்தாலும் ஷட்டர் கவுண்ட் கேட்டேன். அதாவது அந்த கேமரா இதுவரை எத்தனை தடவை கிளிக் ஆகியிருக்கிறது என்கிற கணக்கு. டி7200-ன் ஷட்டரை 1,50,000 கிளிக் வரை சோதித்திருப்பதாக நிக்கானே சொல்கிறது. அதற்கு மேலும் ஓடலாம், முன்னாடியே போகவும் செய்யலாம். நிக்கானில் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் இந்த எண் பதிவாகியிருக்கும், எடிட் செய்யாத படம் கிடைத்தால் போதும், எக்ஸிஃப் விவரத்தில் (படத்தோடு கேமராவே எழுதி வைக்கும் குறிப்பு) பார்த்துவிடலாம். அவரும் தயங்காமல் ஒரு படம் அனுப்பினார். திறந்து பார்த்தேன். ஒன்பதாயிரத்துச் சொச்சம்! கிட்டத்தட்டப் புது கேமரா. அன்றைக்கே 38,000 கட்டிவிட்டேன். பணம் வந்த பிறகுதான் பார்சல் கிளம்பும் என்பது அவர்கள் கடை வழக்கமாம்.

பார்சல் வந்தது. வெளியே பார்க்கப் பளபளவென்று இருந்தது. வந்த சமயம் விடாமல் மழை. வீட்டுக்குள்ளேயே எடுத்துப் பார்த்தேன், 1/60, 1/100 நொடி என்று மெதுவான ஷட்டர் வேகங்கள், எல்லாப் படமும் சுத்தமாக வந்தன. மழை விட்டு வெயில் அடித்ததும் வெளியே போய் 1/4000-ல் வைத்து எடுத்தால் படத்தின் ஓரத்தில் பட்டையாக ஒரு கறுப்பு. முதலில் லென்ஸ் மூடி ஏதாவது மறைக்கிறதோ என்று பார்த்தேன். இல்லை. 1/8000-ல் பட்டை இன்னும் அகலமாக வந்தது. 1/100-க்கு இறக்கினால் காணவில்லை.

கேமரா பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். படத்தைப் பார்த்த உடனே "ஷட்டர் போச்சு" என்றார். ஷட்டருக்குள் இரண்டு திரைகள் உண்டு. ஒன்று திறந்துகொண்டே போக, மற்றது பின்னாலேயே மூடிக்கொண்டே வரும். வேகம் கூடினால் இரண்டுக்கும் நடுவே சின்ன இடுக்கு மட்டும்தான் படத்தைப் பதிவு செய்யும் சென்சார் மேல் நகரும். தேய்ந்துபோய் ஒரு திரை சுணங்கினால் அந்த இடுக்கு ஒரு பக்கம் அடைபட்டு அங்கே கறுப்பு விழும். மெதுவான வேகத்தில் சென்சார் முழுசாகத் திறந்திருப்பதால் இந்தக் குறை கண்ணுக்கே தெரியாது. அப்புறம் நான் எடுத்த படத்தையே கம்ப்யூட்டரில் திறந்து ஷட்டர் கவுண்டைக் காட்டினார். 1 லட்சத்து 86 ஆயிரம்.

எனக்குப் புரியவில்லை. அவர் அனுப்பிய படத்தில் ஒன்பதாயிரம்தானே இருந்தது? மெக்கானிக் அந்தப் படத்தையும் திறக்கச் சொன்னார். ஷட்டர் கவுண்டுக்குக் கொஞ்சம் மேலே கேமராவின் வரிசை எண் இருந்தது. என் கேமராவைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் எண்ணைக் காட்டினார். இரண்டும் வேறு வேறு. அதாவது, வேறொரு டி7200-ல் எடுத்த படத்தை எனக்கு அனுப்பியிருக்கிறார் அந்த ஆள்! பேட்டரி போடும் குழியின் ஓரத்தில் இருந்த திருகுகளில் ஒன்றின் தலை மழுங்கியிருந்தது, ஏற்கெனவே யாரோ கழற்றிய கேமரா. லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகப் பார்க்கச் சொன்னார். உள்ளே ஓரத்தில் வெள்ளையாக நூல் நூலாகப் படர்ந்திருந்தது. பூஞ்சை. ஷட்டரை மாற்றி, லென்ஸையும் பிரித்துத் துடைக்க அவர் சொன்ன தொகை, கட்டிய 38,000-ல் பாதியைத் தாண்டுகிறது.

இதற்கு மேல்தான் கூத்து. கடைக்குப் போன் செய்தால், "டெக்னீஷியன் லீவு, வந்ததும் கூப்பிடுறோம் சார்." கூப்பிடவில்லை. மறுபடி நானே அடித்தால், "மழையில நனைச்சிருப்பீங்க சார்." படங்களை அனுப்பினேன். "ஷட்டர் தேயுற பார்ட், அது வாரண்டில வராது சார்." வாரண்டி அட்டையில் அப்படி ஒரு வரியும் இல்லையே என்றேன். "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான் சார்." பூஞ்சையைக் கேட்டால், "அது தூசி." வரிசை எண்ணைக் கேட்டதும் ஒரு நிமிஷம் பேச்சே இல்லை, அப்புறம் "பையன் தப்பா வேற படத்தை அனுப்பிட்டான் போல, பார்த்துட்டு சொல்றேன்." அதோடு சரி. வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டார். பறவையைப் பற்றி அவ்வளவு நேரம் பேசிய மனுஷன்!

தளத்துக்காரர்கள் அதற்கு மேல். பொருள் கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் புகார் செய்திருக்க வேண்டுமாம், நேரம் முடிந்துவிட்டதாம். வேறு கேமராவின் படத்தைக் காட்டி விற்றிருக்கிறார்களே என்று ஆதாரத்தோடு எழுதினேன். ‘உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று பதில். அந்தப் பச்சை டிக்குக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். விற்பவரின் அடையாளச் சான்றை மட்டும்தான் சரிபார்ப்பார்களாம், பொருளை யாரும் பார்ப்பதில்லையாம். அப்படியென்றால் அதைப் பொருளின் படத்துக்குப் பக்கத்தில் எதற்கு வைக்கிறீர்கள்? பதில் இல்லை. 38,000-ஐத் திருப்பிக் கேட்டு இன்னொரு புகாரும் போட்டேன், ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டார்கள். என்ன தீர்ந்தது, யாருக்குத் தீர்ந்தது?

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது கை ஓடவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஷட்டர் கவுண்ட் காட்டுகிற படத்தில் வரிசை எண்ணையும் பாருங்கள், பாடியின் அடியில் உள்ள எண் தெரிகிற மாதிரி வீடியோ கேளுங்கள், தர மறுத்தால் விட்டுவிடுங்கள். கேனான் என்றால் இன்னும் கவனம், பெரும்பாலான மாடல்களில் படத்துக்குள் இந்தக் கணக்கே வராது. கேமரா கைக்கு வந்த அன்றைக்கே இருக்கிற வேகத்திலேயே உச்ச வேகத்தில் வைத்து, பிரகாசமான வெளிச்சத்தில் எடுத்துப் பாருங்கள், வெயில் இல்லாவிட்டால் விளக்குக்கு நேராகவாவது ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான உணர்திறன்) கூட்டி எடுங்கள். எஃப்/16-ல், அதாவது லென்ஸ் துவாரத்தை நன்றாகச் சுருக்கி, வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தால் சென்சாரில் உள்ள கறைகள் தெரிந்துவிடும். லென்ஸுக்குள் டார்ச் அடிக்காமல் வாங்கவே வாங்காதீர்கள். முடிந்தால் நேரில் போய்ப் பார்த்து, அங்கேயே சோதித்து, அப்புறம் பணம் கொடுங்கள்.

சற்று முன் அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். அதே கடை, அதே பச்சை டிக், இன்னொரு டி7200 விற்பனைக்குப் போட்டிருக்கிறார். ‘ஷட்டர் கவுண்ட் 9,000 மட்டுமே’ என்று எழுதியிருக்கிறது. விலை அதே 38,000. உங்களில் யாராவது அதைப் பார்த்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து பணம் கட்டாதீர்கள்.