சிறுவர் பகுதிக்கு ஸ்டோரிவீவர்: நிலை எண்ணைப் பார்த்து மட்டும் கொடுக்காதீர்கள்

நாலு வரி படித்துவிட்டு மூடி வைக்கிற பிள்ளைக்கு அடுத்து எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது? சின்ன நூலகங்களில் கையிருப்பு குறைவு என்பதால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது இன்னும் கஷ்டம். அந்தக் குறையைத் தீர்க்க இப்போது கையில் இருப்பவற்றுள் ஸ்டோரிவீவர் என்ற சிறுவர் கதைப் புத்தக இணையதளத்தைத்தான் முதலில் சொல்வோம். 2004-ல் தொடங்கிய ப்ரதம் புக்ஸ் என்ற லாபநோக்கமற்ற பதிப்பகம் 2015-ல் இதைத் திறந்தது. கட்டணம் கிடையாது. படைத்தவர் பெயரைக் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருவதால் பதிவிறக்கி, அச்சடித்து, அலமாரியில் வைத்து இரவல் கொடுக்கலாம்.

புத்தகங்களை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். எழுத்துக் கூட்டத் தொடங்கும் பிள்ளைகளுக்கான முதல் நிலையில் 250 சொற்களுக்குள் கதை முடிந்துவிடும். இரண்டாம் நிலை 600 வரை, மூன்றாம் நிலை 1,500 வரை, அதற்கு மேல் போனால் நான்காம் நிலை. மொழியில் தமிழைத் தேர்ந்தெடுத்து, நிலையைக் குறித்தால் பட்டியல் வந்துவிடும். இதுவரை நல்ல வசதிதான்.

சிக்கல் தமிழில் இருக்கிறது. நம் மொழியில் சொற்கள் ஒட்டிக்கொண்டே போகும். 'பறந்துகொண்டிருக்கிறது' ஒரே சொல். ஆனால் எழுத்து பன்னிரண்டு. ஆங்கிலத்தில் இதையே இரண்டு சின்னச் சொற்களில் முடித்துவிடலாம். ஆகவே ஆங்கிலத்திலிருந்து வந்த முதல் நிலைக் கதை தமிழில் சொல் எண்ணிக்கையில் இன்னும் குறையும், படிப்பதற்கோ கடினமாகிவிடும். எழுத்துக் கூட்டும் பிள்ளை 'கொண்டிருக்கிறது' என்ற பகுதிக்கு வருவதற்குள் 'பறந்து' மறந்துபோகும். பக்கத்தில் நாலே சொல் இருந்தும் ஏன் திணறுகிறது என்று பெரியவர்களுக்குப் புரியாது.

அதனால் நிலை எண்ணோடு நிறுத்தாமல், கொடுப்பதற்கு முன் ஏதாவது மூன்று பக்கங்களைத் திறந்து எழுத்தை எண்ணுங்கள். எட்டு எழுத்துக்கு மேற்பட்ட சொல் ஒரே பக்கத்தில் இரண்டுக்கு மேல் வந்தால் அதை அடுத்த நிலை அலமாரிக்கு மாற்றிவிடுங்கள். இது எங்கள் கணக்கு, தளம் சொல்வதல்ல. அப்படி மாற்றிய புத்தகத்தை வாசித்துக் காட்டும் நேரத்துக்குத் தாராளமாக எடுக்கலாம். காதால் கேட்கும்போது நீளச் சொல் பிள்ளையைத் தடுக்காது.

அடுத்து மொழிபெயர்ப்பு. இங்கே யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்து ஏற்றலாம் என்பதால் தரம் ஒரே மாதிரி இருக்காது. கடைசிப் பக்கங்களில் எழுதியவர், மொழிபெயர்த்தவர், வெளியிட்டவர் விவரம் இருக்கும். அதைப் பார்த்த கையோடு முதல் இரண்டு பக்கங்களை வாய்விட்டுப் படியுங்கள். 'அவள் ஒரு மகிழ்ச்சியான நாளைக் கொண்டிருந்தாள்' போன்ற வாக்கியம் ஒன்று தட்டுப்பட்டாலும் தயங்காமல் ஒதுக்குங்கள். 'சலசல', 'படபட', 'டமால்' என்று நம் ஒலியோடு வரும் கதைகளும், பேச்சு வழக்கில் உரையாடல் உள்ளவையும் புதிதாகப் படிப்பவர்களிடம் உடனே ஒட்டிக்கொள்ளும்.

நிலை எண்ணைப் பிள்ளையிடம் சொல்லவே கூடாது. பத்து வயதில் எழுத்துக் கூட்டும் சிறுவனிடம் பூனைக்குட்டிக் கதையை நீட்டினால் அவமானமாக நினைப்பான், அடுத்த வாரம் வரமாட்டான். அவனுக்கு இரண்டாம் நிலையில் விலங்கு, அறிவியல் பற்றிய உண்மைத் தகவல் புத்தகங்களை எடுங்கள். சொல் எளிமை, விஷயம் பெரியவர்களுடையது. "கடைசியா எந்தப் புத்தகத்தை முழுசாப் படிச்சே?" என்று கேட்டுவிட்டு, தடையின்றி ஓடுவது ஒன்று, சரியானது ஒன்று, கொஞ்சம் கஷ்டமானது ஒன்று என மூன்றை முன்னால் வையுங்கள். எடுப்பது அவன் பாடு.

அச்சடிக்கும்போது பலரும் தவறுவது ஓர் இடத்தில். பெரும்பாலான பக்கங்கள் அகலவாக்கில் இருக்கும். மடித்துத் தைக்கும் புத்தக முறையில் போட்டால் படம் பாதியாகச் சுருங்கி மேலும் கீழும் வெள்ளை விழும், எழுத்து கண்ணுக்கே எட்டாது. ஒரு ஏ4 தாளின் ஒரு முகத்துக்கு ஒரு பக்கம் என்று படுக்கைவாக்கில் போடுங்கள். இருபுற அச்சில் 'குறுகிய விளிம்பில் திருப்பு' என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் பின்பக்கம் தலைகீழாக வரும். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) தாளில் மறுபக்கப் படம் தெரியும், 100 போதும். அட்டைக்கு 250. இடது விளிம்பில் ஸ்பைரல் போடுவது நல்லது. ஸ்டேப்ளர் என்றால் முனைகளை டேப்பால் மூடுங்கள், சின்ன விரல்களைக் கிழித்துவிடும்.

தாளை மிச்சம் பிடிக்கச் சிலர் பெயர் விவரம் உள்ள கடைசிப் பக்கங்களை வெட்டிவிடுகிறார்கள். செய்யாதீர்கள். எழுதியவர், வரைந்தவர் பெயரோடு கொடுப்பதுதான் இந்த இலவசத்துக்கான நிபந்தனை.