கொய்யாவா, ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையா?

நம்ம மலேசியா பேராக் மாநிலத்து பீடோர்ல ரோட்டோரக் கடை முழுக்க கொய்யா, ஆனா தோட்டத்துல பல வீட்டு அலமாரில விட்டமின் இ, பீட்டா கரோட்டின்னு ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை போத்தல்தான் நிக்குது, ரெண்டும் ஒண்ணுதானேன்னு கேக்குறாங்க. ஒண்ணு இல்லைங்க.

ஆன்டிஆக்சிடன்ட்டோட வேலையே ஃப்ரீ ரேடிக்கல அடக்குறதுதான். ஃப்ரீ ரேடிக்கல்னா ஜோடியில்லாத எலக்ட்ரானோட அலையுற மூலக்கூறு, பக்கத்துல இருக்கிற கொழுப்பு, புரதம், டிஎன்ஏன்னு எதுகிட்ட இருந்தாவது ஒரு எலக்ட்ரானப் பிடுங்கும், பிடுங்குனா அதுவும் கெட்டுப்போய் அடுத்தத பிடுங்கும், இப்படியே போய்க்கிட்டே இருக்கும். ஆன்டிஆக்சிடன்ட் தன் எலக்ட்ரானக் குடுத்து அத நிறுத்துது. செல் சவ்வுல விட்டமின் இ இந்த வேலையச் செஞ்சு ஓய்ஞ்சா, விட்டமின் சி வந்து அத மறுபடி எழுப்பி விடும். கூட்டா வேலை செய்யுற விஷயம், அதான் ஒண்ண மட்டும் அள்ளிப் போடுறதுல எனக்கு நம்பிக்கை இல்ல.

100 கிராம் கொய்யாவுல சுமார் 200 மில்லிகிராம் விட்டமின் சி (வகையப் பொறுத்து மாறும்), ஆரஞ்சுல 50 சொச்சம்தான். நார்ச்சத்தும், பாலிஃபீனால்ங்கிற தாவர ஆன்டிஆக்சிடன்ட்டும் கூடவே வருது. தோலோட கடிங்க, அசம்போய் பொடிய (காய்ஞ்ச புளிப்பு பிளம் பொடி) மட்டும் கொஞ்சமா தொட்டுக்குங்க, உப்பும் சீனியும் ஜாஸ்தி.

மாத்திரை? பின்லாந்துல புகைபிடிக்கிற 29,133 ஆம்பளைங்கள வெச்சு ஆய்வு செஞ்சாங்க, 1994ல ரிசல்ட் வந்தப்ப தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவங்களுக்கு நுரையீரல் கேன்சர் குறையல, எடுக்காதவங்கள விட 18 சதவீதம் கூடியிருந்துச்சு. சிகரெட் பிடிக்கிற அண்ணன்மாரே, அந்தப் போத்தல தயவுசெஞ்சு வாங்காதீங்க. கேரட், கீரைல வர்ற கரோட்டினுக்கு இந்தப் பயம் வேணாம். சத்துக் குறைபாடுன்னு டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரை வேற விஷயம், அத நீங்களா நிறுத்தாதீங்க.